சாலைகளின் கதை – 17: ஆறு குதிரைகள், பத்து விரல்கள்

மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவு. ஆறு குதிரைகள் பூட்டிய வண்டி இறக்கத்தில் வருகிறது. முன் ஜோடி வளைவில் திரும்பி, பாறைக்கு அந்தப் பக்கம் மறைந்துவிட்டது. நடு ஜோடி திரும்பிக்கொண்டிருக்கிறது. வண்டியை ஒட்டியிருக்கும் பின் ஜோடி மட்டும் இன்னும் சில அடி தூரம் நேராகப் போயாக வேண்டும். அது அவசரப்பட்டுத் திரும்பினால் வண்டி வளைவைக் குறுக்கே வெட்டும். பின்சக்கரம் பாதையை விட்டு இறங்கிவிடும். அதாவது, ஒரே நொடியில் மூன்று ஜோடிகளுக்கும் மூன்று வெவ்வேறு கட்டளைகள் போய்ச் சேர வேண்டும். கத்திச் சொல்ல முடியாது. ஆறு குதிரைகளின் காதிலும் விழுவது ஒரே குரல்தான். சாட்டையாலும் சொல்ல முடியாது. வண்டியோட்டியின் விரல்கள்தான் சொல்கின்றன.

சென்ற வாரம் இங்கிலாந்தின் அஞ்சல் கோச்சுகளைப் பார்த்தோம். 1784 ஆகஸ்டில் ஜான் பாமர் பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்கு விட்ட முதல் வண்டி ஓடியது போட்ட சாலையில். வழிநெடுக விடுதிகள் இருந்தன, சுங்கச் சாவடிகள் இருந்தன. இந்த வாரம் அட்லாண்டிக்கைக் கடந்து, அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குப் போகிறோம். அங்கே பல இடங்களில் வண்டி முதலில் வந்தது. சாலை பிறகுதான் வந்தது. வண்டித் தடமே சாலை.

இந்த வண்டிகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் ஹாலிவுட் சொன்னதுதான். ஜான் ஃபோர்டின் 'ஸ்டேஜ்கோச்' 1939-ல் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்த யாரும் ஜான் வெய்னை மறக்க மாட்டார்கள். வண்டியை ஓட்டிய பாத்திரம் நினைவிருக்கிறதா? பக் என்று பெயர். ஆண்டி டிவைன் நடித்தார். கீச்சுக்குரலில் புலம்பிக்கொண்டே வரும் சிரிப்புப் பாத்திரம். மிகச் சிறந்த படம்தான். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அது பெரிய அநியாயம் செய்திருக்கிறது என்றே நினைக்கிறேன். அந்தக் காலத்து மனிதர்களிடம் கேட்டிருந்தால், வண்டியில் இருப்பவர்களிலேயே பெரிய மனிதர் வண்டியோட்டிதான் என்று சொல்லியிருப்பார்கள்.

கதை 1857-ல் சூடு பிடிக்கிறது. கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்து லட்சக்கணக்கானவர்கள் அங்கே குடியேறிவிட்டார்கள். ஆனால் ஊரிலிருந்து கடிதம் வர வேண்டுமென்றால் பெரும்பாலும் கப்பலில் பனாமா போய், நிலத்தைக் கடந்து, மறுபடி கப்பல் ஏறித்தான் வர வேண்டும். தரைவழியாகவே கடிதம் கொண்டுபோக அமெரிக்க அஞ்சல் துறை ஒப்பந்தம் கோரியது. அது ஜான் பட்டர்ஃபீல்டுக்குக் கிடைத்தது. ஆண்டுக்கு 6,00,000 டாலர். வாரத்துக்கு இரண்டு முறை, இரு திசையிலும், 25 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். செயின்ட் லூயிஸிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை தூரம் சுமார் 2,800 மைல்.

நேர்வழியில் போயிருந்தால் தூரம் குறைந்திருக்கும். அஞ்சல் துறைத் தலைவர் ஆரன் பிரவுன் தென்மாநிலமான டென்னஸியைச் சேர்ந்தவர். பாதை தெற்கே டெக்சாஸ், எல் பாசோ, டூசான், யூமா என்று வளைந்து போனது. வடக்கே கத்தினார்கள். ஆனால் தெற்குப் பாதையில் குளிர்காலத்தில் பனி அடைக்காது என்ற நியாயமும் இருந்தது.

பட்டர்ஃபீல்ட் முதலாளியாகப் பிறந்தவர் அல்ல. நியூயார்க் மாநிலத்தில் இளைஞராக வண்டி ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர். ஒரு குதிரை எத்தனை மைல் ஓடிய பிறகு தளரும், ஓர் ஆள் எத்தனை மணி நேரம் லகானைப் பிடிக்க முடியும் என்பதெல்லாம் அவர் உடம்பால் அறிந்தவை. ஓராண்டு முழுக்கத் தயாரிப்பிலேயே போனது. கிணறு வெட்டினார்கள், லாயம் கட்டினார்கள், தண்ணீர் இல்லாத இடத்துக்குத் தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தொடங்கும்போது 140-ஐ ஒட்டியிருந்த நிலையங்கள் பிறகு 200 வரை பெருகின.

1858 செப்டம்பர் 16. செயின்ட் லூயிஸிலிருந்து அஞ்சல் பைகள் ரயிலில் டிப்டன் என்ற ஊர் வரை வந்தன. அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. பைகளை வண்டியில் ஏற்றினார்கள். முதல் கட்டத்தில் வண்டியை ஓட்டியவர் பட்டர்ஃபீல்டின் மகன். மேற்கே கடைசி வரை போகத் துணிந்த பயணி ஒரே ஒருவர்: வாட்டர்மன் ஆர்ம்ஸ்பி, 'நியூயார்க் ஹெரால்ட்' பத்திரிகையின் நிருபர், வயது 23. அக்டோபர் 10-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினார். 24 நாள் ஆகவில்லை. கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

கணக்குப் போட்டால் சராசரி வேகம் மணிக்கு ஐந்து மைல்கூட வராது. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்த ஐந்து மைல் இரவும் பகலும் நிற்காமல் ஓடிய ஐந்து மைல். அதில் ஆற்றைக் கடக்கும் நேரம் அடக்கம், மணலில் புதைந்த சக்கரத்தைத் தோண்டி எடுக்கும் நேரம் அடக்கம், வண்டியைப் பார்த்தே பழகாத கோவேறு கழுதைகளைப் பிடித்துப் பூட்டும் நேரமும் அடக்கம். ஆர்ம்ஸ்பியின் கட்டுரைகளைப் படித்தால் டெக்சாஸில் அந்தக் கழுதைகள் பட்ட பாடும் படுத்திய பாடும் தெரியும்.

இந்த ஓட்டத்தின் சூத்திரம் எளியது. ஓடுகிறவர்களை மாற்றிக்கொண்டே இருப்பது. பத்துப் பதினைந்து மைலுக்கு ஒருமுறை குதிரைகளை மாற்றுவார்கள். ஐம்பது மைலை ஒட்டி வண்டியோட்டி மாறுவார். அங்கேதான் பயணிகளுக்குச் சாப்பாடு. உப்புக்கண்டம் போட்ட பன்றி இறைச்சி, அவரை, ரொட்டி, காபி. நிலையம் நெருங்கும்போது கண்டக்டர் கொம்பு ஊதுவார். ஆமாம், வண்டியில் கண்டக்டர் தனி. அஞ்சல் பைகளுக்கும் பயணிகளுக்கும் பொறுப்பு அவர். வண்டியோட்டிக்குக் குதிரைகளும் பாதையும் மட்டுமே பொறுப்பு. கொம்புச் சத்தம் கேட்டதும் லாயக்காரர்கள் புதுக் குதிரைகளுக்குச் சேணம் மாட்டித் தயாராக நிறுத்தியிருக்க வேண்டும். வண்டியோட்டி இறங்க மாட்டார். அவிழ்ப்பதும் பூட்டுவதும் அவர் வேலை இல்லை. லகான்களைக் கீழே எறிவார், புது ஜோடிகளின் லகான்கள் கைக்கு வரும், கிளம்பிவிடுவார்.

நான் மிகவும் வியக்கும் இடம் இதுதான். ஒரு வண்டியோட்டி தன் ஐம்பது மைலுக்குள் நான்கைந்து அணிகளைக் கையாள்கிறார். அணிக்கு ஆறு என்றால் 24 முதல் 30 குதிரைகள். இது மிரளும், அது முரண்டு பிடிக்கும், இன்னொன்று தண்ணீரைக் கண்டால் நிற்கும். ஒவ்வொன்றின் குணமும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது அதே ஐம்பது மைலில் அதே குதிரைகள். குதிரைகளும் தங்கள் பத்து மைலைத் தவிர வேறு பாதையை அறியா. ஆகவே பாதையின் ஒவ்வொரு துண்டும் ஓடுகிறவர்களுக்கு மனப்பாடம். நிலா இல்லாத இரவில் வண்டியின் விளக்குகள் சில அடி தூரத்துக்குத்தான் வெளிச்சம் தரும். அப்போது ஓட்டியது பெரும்பாலும் இந்த மனப்பாடமும் காதும்தான். சக்கரம் கடகடத்தால் கெட்டித் தரை. சத்தம் மட்டுப்பட்டால் மணலோ புல்லோ, தடம் மாறிவிட்டது என்று பொருள்.

இப்போது விரல்களுக்கு வருவோம். ஜோடிக்கு இரண்டு லகான் வார்கள், மூன்று ஜோடிக்கு ஆறு. இடப்பக்கத்து மூன்று வார்கள் இடக்கையில், வலப்பக்கத்து மூன்று வலக்கையில். முன் ஜோடியின் வார் ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் இடையே. நடு ஜோடியின் வார் நடு விரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே. பின் ஜோடியின் வார் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையே. வலக்கையில் கூடவே சாட்டை. வலது கால் பிரேக்கின் மேல். ஒரு வாரை இழுக்க வேண்டுமென்றால் கையை இழுக்கக்கூடாது; இழுத்தால் மற்ற இரண்டும் சேர்ந்து இறுகிவிடும். அந்த ஒரு வாரை மட்டும் விரல்களாலேயே ஊர்ந்து ஊர்ந்து உள்ளே வாங்க வேண்டும், வேலை முடிந்ததும் அதே போல நழுவ விட வேண்டும். பட்டம் விடுகிற பையனுக்கு உயரத்தில் காற்று திரும்புவது நூலில் தெரிவது மாதிரி, முன்னால் ஓடும் குதிரை காதை விறைப்பதுகூட இந்த விரல்களுக்குத் தெரிந்துவிடும்.

அதனால்தான் கையுறை பற்றி இவர்கள் அவ்வளவு கவலைப்பட்டார்கள். மான்தோல் கையுறை, மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்த கையுறை போட்டால் வாரின் பேச்சு விரலுக்குக் கேட்காது. கலிஃபோர்னியாவின் சியரா மலையில் பனி கொட்டும் குளிர்காலத்திலும் மெல்லிய தோல்தான். உள்ளே இருக்கும் பயணி கம்பளிக்குள் கையை நுழைத்துக்கொள்ளலாம். மேலே உட்கார்ந்திருப்பவரின் கைகள் மணிக்கணக்கில் காற்றுக்கு நேராக நீட்டியபடியே இருக்கும். விரல் மரத்துப் போனால் ஆறு குதிரைகளும் அவருடைய கையை விட்டுப் போன மாதிரிதான்.

மூன்று ஜோடிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. முன்னால் கட்டுபவை இலேசான, சுறுசுறுப்பான, புத்தியுள்ள குதிரைகள். பின்னால் கட்டுபவை கனமானவை. காரணம் இருக்கிறது. இறக்கத்தில் வண்டியின் பாரத்தைப் பின்னுக்குத் தாங்கிப் பிடிக்கக்கூடியவை ஏர்க்காலின் இருபுறமும் நிற்கும் இந்தக் கடைசி ஜோடி மட்டுமே. முன்னால் உள்ள நான்கும் இழுக்கத்தான் முடியும், தடுக்க முடியாது. பிரேக்கை அதிகம் அழுத்தினால் சக்கரம் வழுக்கும். குறைவாக அழுத்தினால் வண்டி பின் ஜோடியின் மேல் ஏறும். மலை இறக்கத்தில் வண்டி பறந்ததைப் பார்த்து, ஓட்டுகிறவருக்குப் பைத்தியம் என்று எழுதிய பயணிகள் உண்டு. ஆனால் முன் நான்கு குதிரைகள் வார் தொய்யாமல் வண்டிக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தால்தான் இழுவைச் சங்கிலிகள் கால்களில் சிக்காது. வேகம் பல சமயங்களில் பாதுகாப்புக்காகவே.

சாட்டை அடிப்பதற்கு என்று நினைத்தால் அதுவும் தவறு. நல்ல வண்டியோட்டி குதிரையின் தோலில் தடம் விழவிட மாட்டார். காதுக்குப் பக்கத்தில் காற்றில் சொடுக்குவார், அவ்வளவுதான். சாட்டை அவருடைய சொந்தச் சொத்து. கைப்பிடியில் வெள்ளிப் பூண் போட்டுக்கொள்வதில் பலருக்குப் பெருமை. அதை யாருக்கும் இரவல் தர மாட்டார்கள்.

வண்டியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கான்கார்டு என்ற ஊர். அங்கே லூயிஸ் டவுனிங், ஸ்டீஃபன்ஸ் அபட் என்ற இருவரின் பட்டறையில் 1827-ல் முதல் வண்டி உருவானது. அதிலிருந்து கான்கார்டு கோச்சு என்றே பெயர். எடை சுமார் 2,500 பவுண்டு. இரும்பு வில் கிடையாது. மாட்டுத்தோலைப் பட்டை பட்டையாக வெட்டி, அடுக்கடுக்காகச் சேர்த்து, முன்னிருந்து பின்வரை இரு பக்கமும் கட்டியிருப்பார்கள். வண்டியின் உடல் முழுக்க அந்தப் பட்டைகளின் மேல்தான் தொங்கும். சக்கரம் குழியில் இறங்கினால் வண்டி குலுங்காமல் முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்தில் பயணிகளுக்கு வயிற்றைப் புரட்டியது உண்மைதான். ஆனால் இரும்பு வில் வாங்கும் அதிர்ச்சி நேராகக் குதிரையின் தோளுக்குப் போகும். தோல் பட்டை அதைத் தானே வாங்கிக்கொண்டது. சக்கரத்தின் ஆரக்கால்களுக்கும் வட்டைக்கும் பல ஆண்டுகள் காய வைத்த மரம். பாலைவன வெயிலிலும் அது சுருங்கி இரும்புப் பட்டாவை நழுவ விடாது என்பதே கான்கார்டின் பெயரைக் காப்பாற்றியது. மிகக் கரடுமுரடான பாலை வழிகளில் மட்டும் இதைவிட எடை குறைந்த, கித்தான் கூரை போட்ட வண்டிகளை விட்டார்கள்.

உள்ளே மூன்று வரிசை, வரிசைக்கு மூவர், ஒன்பது பேர். நடு வரிசைக்கு முதுகு சாய்க்கப் பலகை இல்லை, தொங்கும் தோல் பட்டைதான். முழங்காலோடு முழங்கால் இடிக்க இருபது நாளுக்கு மேல். கூரையிலும் ஆள் ஏறுவார்கள். இவ்வளவு நெரிசலிலும் எல்லோரும் ஆசைப்பட்ட இடம் வண்டியோட்டிக்குப் பக்கத்து இருக்கை. காசு கொடுத்து வாங்க முடியாது. அவர் கூப்பிட வேண்டும். மார்க் ட்வெய்ன் 1861-ல் தன் அண்ணனோடு மிஸ்ஸூரியிலிருந்து நெவாடாவுக்கு, ஆளுக்கு 150 டாலர் கட்டணம் கொடுத்து இத்தகைய வண்டியில் போனவர். 'ரஃபிங் இட்' நூலில், நிலையத்து ஊழியர்கள் வண்டியோட்டியின் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழாதா என்று காத்துக் கிடந்ததை விரிவாக எழுதியிருக்கிறார். கிராமத்துக்குச் செய்தி கொண்டுவருபவர் அவர். மருந்து வாங்கி வந்து கொடுப்பவர் அவர். கடிதத்தில் எழுத முடியாததை வாய்மொழியாகச் சொல்லி அனுப்பவும் அவரைத்தான் நம்பினார்கள். ஆனால் சம்பளம் அந்த மரியாதைக்கு ஏற்றதாக இல்லை. 1860-களில் கோச்சு நிறுவனம் நடத்திய பென் ஹாலடேயின் வண்டிகளை ஓட்டியவர்களுக்கு மாதம் 40 முதல் 75 டாலர், சாப்பாடு தனி.

ஆபத்துகளைப் பேசும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. இந்தப் பாதை போனது யாருடைய மண்ணில்? கமான்சே, அப்பாச்சி மக்களின் மண்ணில். அவர்களிடம் யாரும் ஒப்பந்தம் கோரவில்லை. அரிசோனாவின் அப்பாச்சி கணவாயில் ஒரு நிலையம் இருந்தது. சில ஆண்டுகள் அங்கே பெரிய சண்டை இல்லை. அப்பாச்சித் தலைவர் கொச்சீஸின் ஆட்கள் வண்டிகளைப் போக விட்டார்கள். 1861 பிப்ரவரியில் ஜார்ஜ் பாஸ்கம் என்ற இளம் ராணுவ அதிகாரி அங்கே வந்தார். ஒரு பண்ணைச் சிறுவனைக் கடத்தியது கொச்சீஸ்தான் என்று குற்றம் சாட்டினார். அது வேறு குழுவினர் செய்த வேலை. பேச வந்த கொச்சீஸைப் பிடித்துவைக்கப் பார்த்தார். கொச்சீஸ் கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு தப்பினார். உடன் வந்த உறவினர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

பட்டர்ஃபீல்ட் வண்டிகளில் வேலை பார்த்த ஜேம்ஸ் வாலஸ் அப்பாச்சிகளோடு பழகியவர். பேசிப் பார்க்கலாம் என்று நம்பி வெளியே போனார். அவரைப் பிடித்துவைத்துக்கொண்டு, தன் உறவினர்களை விட்டால் இவரை விடுவதாக கொச்சீஸ் சொன்னார். பாஸ்கம் மறுத்தார். வாலஸ் கொல்லப்பட்டார். ராணுவம் கொச்சீஸின் தம்பியையும் மற்றவர்களையும் தூக்கில் போட்டது. பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்த போர் அங்கே பற்றிக்கொண்டது. வாலஸ் நல்லெண்ணத்தோடு வெளியே போனவர். அவரைக் கொன்றது ஒரு தரப்பு என்றால், அந்தச் சாவுக்கு வழி திறந்துவிட்டது இன்னொரு தரப்பு. அதே ஆண்டு உள்நாட்டுப் போர் நெருங்கியதால் அஞ்சல் பாதை தெற்கிலிருந்து நாட்டின் நடுப்பகுதிக்கு மாறியது. பட்டர்ஃபீல்டின் பாதை ஓடியது மூன்று ஆண்டுகள்கூட இல்லை.

கொள்ளைக்காரர்கள் கதை வேறு மாதிரி. 1852-ல் தொடங்கிய வெல்ஸ் ஃபார்கோ நிறுவனம் தங்கத்தைப் பச்சை வண்ண மரப்பெட்டியில் வைத்து அனுப்பும். இரும்புப் பட்டை அடித்த பெட்டி. வண்டியோட்டியின் காலடியில் இருக்கும். அதைக் காப்பது துப்பாக்கியோடு வரும் காவலரின் வேலை. அவர் எல்லா வண்டியிலும் வருவதில்லை. வண்டியோட்டி சண்டை போட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு கைகளும் வார்களில் மாட்டியிருக்கும்போது எப்படிச் சுடுவது? கொள்ளைக்காரர்களும் அவரைச் சுட விரும்ப மாட்டார்கள். அவர் விழுந்தால் குதிரைகள் மிரண்டு, வண்டியும் பெட்டியும் பள்ளத்துக்குப் போகும்.

1875 ஜூலை 26. கலிஃபோர்னியாவில் ஃபங்க் ஹில் என்ற ஏற்றம். ஜான் ஷைன் ஓட்டி வந்த வண்டியை, தலையில் மாவுச் சாக்கை மாட்டிய ஒருவன் மறித்தான். சுற்றிலும் புதர்களிலிருந்து துப்பாக்கிக் குழல்கள் நீண்டிருந்தன. ஷைன் பெட்டியைக் கீழே போட்டார். அவன் போன பிறகு பெட்டியை எடுக்கத் திரும்பி வந்தபோதும் குழல்கள் அசையாமல் நீட்டியபடியே இருந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால் எல்லாம் குச்சிகள். பிளாக் பார்ட் என்று பிறகு பெயர் பெற்ற சார்ல்ஸ் போல்ஸின் முதல் கொள்ளை இது. எட்டு ஆண்டுகளில் 28 வண்டிகளை மறித்தான். ஒரு தடவைகூடச் சுடவில்லை.

1883 நவம்பரில் அதே ஃபங்க் ஹில். வண்டியோட்டி ரீசன் மெக்கானல். இம்முறை பெட்டியை வண்டியோடு திருகி வைத்திருந்தார்கள். உடைக்க நேரமாகும் என்பதால், குதிரைகளை அவிழ்த்து மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டிப் போகும்படி மெக்கானலை அவன் விரட்டினான். அங்கேதான் அவனுடைய கணக்கு தவறியது. மேட்டுக்கு அந்தப் பக்கம், வேட்டைக்காக வழியில் இறங்கியிருந்த ஜிம்மி ரொலேரி என்ற இளைஞன் துப்பாக்கியோடு நின்றிருந்தான். இருவரும் திரும்பி வந்து சுட்டார்கள். போல்ஸ் காயத்தோடு ஓடும்போது ஒரு கைக்குட்டையை விட்டுப் போனான். அதில் சலவைக் குறி: எஃப். எக்ஸ். ஓ. 7. சான் பிரான்சிஸ்கோவின் சலவைக் கடைகளை ஒவ்வொன்றாகத் தேடி, துப்பறிவாளர்கள் ஆளைப் பிடித்தார்கள். புகழெல்லாம் துப்பறிவாளர்களுக்குப் போனது. குதிரைகளைக் கையில் பிடித்துக்கொண்டே நிதானமாக யோசித்த மெக்கானலுக்கும் அதில் பங்கு உண்டு.

வண்டியோட்டிகளில் மிகப் பெரிய பெயர் ஹேங்க் மாங்க். 1859-ல் 'நியூயார்க் டிரிப்யூன்' ஆசிரியர் ஹொரேஸ் கிரீலியை சியரா மலை வழியே பிளாசர்வில் ஊருக்கு, அவர் பேசவிருந்த கூட்டம் தொடங்கும் நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தவர். கிரீலி உள்ளே பந்தாக எகிறினார் என்று ஊரெல்லாம் கதை. அது நூறு வாய்களில் நூறு விதமாக வளர்ந்தது. எனக்கு அந்தக் கதையைவிட, அந்தப் பாதைதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம். எதிரே கழுதை வண்டிகளின் வரிசை. மாங்க் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஆனால் இந்த அத்தியாயத்தை நான் எழுத விரும்பியது சார்லி பார்க்ஹர்ஸ்டுக்காகத்தான். 1812-ல் பிறந்தவர். கிழக்கே, மாஸசூசெட்ஸ் லாயங்களில் எடுபிடி வேலை பார்த்துக் குதிரைகளைப் பழகியவர். 1851 வாக்கில் பனாமா வழியாகக் கலிஃபோர்னியா வந்தார். ஸ்டாக்டன், சான் ஹோசே, சான்டா க்ரூஸ் பாதைகளில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓட்டினார். குதிரை உதைத்து ஒரு கண் போனது. அந்தக் கண்ணுக்கு ஒரு தோல் மறைப்பு. ஒற்றைக்கண் சார்லி என்றே பெயர். குள்ளமான, அகன்ற தோள்கொண்ட உருவம். புகையிலை மெல்லுவார், அதிகம் பேச மாட்டார். கோடையிலும் கையுறையைக் கழற்றியதில்லை. ஆறு குதிரைகளைக் கையாள்வதில் அவருக்கு நிகர் சிலரே என்று சக ஓட்டிகளே ஒப்புக்கொண்டார்கள். 1867-ஆம் ஆண்டு சான்டா க்ரூஸ் வாக்காளர் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. பிறகு வாத நோய் கைகளைப் பிடித்தது. ஓட்டுவதை நிறுத்தி, விவசாயமும் மாடு வளர்ப்புமாக ஒதுங்கினார். 1879 டிசம்பரில், வாட்சன்வில் அருகே, நாக்குப் புற்றுநோயில் இறந்தார். உடலைக் குளிப்பாட்ட வந்த அண்டை வீட்டார் அப்போதுதான் பார்த்தார்கள்: பெண் உடல்.

பத்திரிகைகள் துள்ளிக் குதித்தன. எப்படி ஏமாற்றினார், ஏன் ஏமாற்றினார் என்று பத்தி பத்தியாக ஊகங்கள். காதல் தோல்வி என்றார்கள், அனாதை விடுதியிலிருந்து தப்பியதற்காகப் போட்ட வேடம் என்றார்கள். அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, எழுதியும் வைக்கவில்லை. ஆகவே அவர் தன்னை எப்படி வைத்துக்கொண்டாரோ அப்படியே சார்லி என்று அழைப்பதுதான் மரியாதை. அமெரிக்காவில் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை வந்தது 1920-ல். அன்றைய சட்டமும் நிறுவனங்களும் பெண் என்று தெரிந்திருந்தால் அவரை வண்டியோட்டியின் இருக்கையில் ஏற்றியிருக்க மாட்டார்கள். குதிரைகளும் கொண்டை ஊசி வளைவுகளும் அவருடைய விரல்களை மட்டுமே சோதித்தன. இருபது ஆண்டுகள் அந்த விரல்கள் தேறின. அவருடைய கல்லறைக்கு 1955-ல் நினைவுக்கல் வைத்தார்கள்.

இதே போல ஜார்ஜ் மன்ரோ. ஜார்ஜியா மாநிலத்திலிருந்து வந்த கறுப்பினத்தவர். உள்நாட்டுப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆன நிலையில் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்கு வண்டி ஓட்டத் தொடங்கினார். 1879-ல் முன்னாள் அதிபர் யுலிசஸ் கிராண்ட் அங்கே போனபோது, அந்தச் செங்குத்துப் பாதையில் அவரை ஏற்றிச் சென்ற கைகள் மன்ரோவுடையவை. அந்த வழியில் இருந்த ஒரு நிலையத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

1868 ஏப்ரலில் கான்கார்டு ஊர் ரயில் நிலையத்தில் பெரிய கூட்டம். வெல்ஸ் ஃபார்கோ கேட்டிருந்த 30 புது வண்டிகள் தயார். ஒவ்வொரு வண்டியின் கதவிலும் ஜான் பர்கம் வரைந்த ஓவியங்கள். ஒன்றில் வரைந்த காட்சி இன்னொன்றில் இல்லை. அந்த 30 வண்டிகளையும் திறந்த ரயில் பெட்டிகளில் ஏற்றிக் கட்டி, சேணங்களைத் தனிப் பெட்டிகளில் அடைத்து, ஒமாஹாவுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு மே 10-ல் யூட்டாவின் பிரமன்டரியில் கிழக்கு ரயில் பாதையும் மேற்கு ரயில் பாதையும் சேர்ந்தன. கண்டத்தைக் குறுக்கே கடக்க இனி வண்டி வேண்டாம்.

வண்டியோட்டிகள் உடனே மறைந்துவிடவில்லை. ரயில் போகாத சுரங்க ஊர்களுக்கும் மலைக் கிராமங்களுக்கும் கிளைப் பாதைகள் பிறந்தன, அங்கே போனார்கள். ரயில் அங்கேயும் வந்தபோது அடுத்த மலைக்குப் போனார்கள். கடைசியாக அவர்களுக்கு மிஞ்சியவை சுற்றுலாப் பூங்காக்கள். யெல்லோஸ்டோனில் 1916 கோடையில் குதிரை வண்டியும் மோட்டார் வண்டியும் ஒரே பாதையில் ஓடின. குதிரைகள் மிரண்டன. 1917-ல் அங்கே எல்லாமே மோட்டார் ஆனது.

அடுத்த வாரம், இவர்களுடைய சியரா மலையைக் குடைந்து தண்டவாளம் போட்ட சீனத் தொழிலாளர்கள்.

(தொடரும்)